மேடையில் அழுத வக்கீல்

ஊரில் எல்லாருக்கும் ஒரு நாள் தேவைப்பட்டு, ஒருவருக்கும் ஒரு நாளும் பிடிக்காத தொழில் எங்களுடையது. டாக்டரிடம் போனவர்கள் குணமானதும் பழத்தட்டோடு வந்து கும்பிடுகிறார்கள். எங்களிடம் வந்து ஜெயித்தவர்கள், மறுவாரம் நேரு வீதியில் எதிரே வந்தால் துணிக்கடை பொம்மையை உற்றுப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள். தோற்றவர்கள்தான் மறக்காமல் நம் முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள். என்ன பேசுவார்கள் என்பதை இங்கே எழுத முடியாது.

நான் முத்தியால்பேட்டையில் வீட்டு முன்னறையை ஆபீசாக்கி வைத்துக்கொண்டு தொழில் பண்ணுகிறவள். பாண்டிச்சேரி என்றிருந்த போர்டுகளில் புதுச்சேரி என்று மாற்றி எழுதிக்கொண்டிருந்த காலத்தில் எனக்கு நடந்தவை இவை. சின்ன வயதில் கொஞ்சம் கூடுதலாக வாய் பேசிவிட்டு, "நீ வக்கீலுக்குத்தான் லாயக்கு" என்று திட்டு வாங்கியவர்கள் எல்லாரும் என் கட்சி. உங்களில் பலர் புத்தியாக வேறு வேலைக்குப் போய்விட்டீர்கள். நான் போகவில்லை. அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

வக்கீல் மாதிரி

என் பெண் மூன்றாம் வகுப்பு படித்தபோது பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் விட்டார்கள். சிஸ்டர்கள் நடத்தும் பள்ளி. கோர்ட்டிலிருந்து நேராகப் போனேன். கறுப்புக் கோட்டைக் கழற்றிக் கையில் மடித்து வைத்திருந்ததால், மழைக்கோட்டு என்று நினைத்தாரோ என்னவோ, வகுப்பு டீச்சர் தாராளமாகவே பேசினார். பெண் நன்றாகப் படிக்கிறாளாம், கையெழுத்தும் அழகாம். ஆனால் எதற்கெடுத்தாலும் ஏன் என்கிறாளாம். நான் அப்படிச் சொல்லவே இல்லையே என்கிறாளாம். யார் பார்த்தது என்று சாட்சி கேட்கிறாளாம். வீட்டில் யார் இந்த மாதிரி பேசுவது என்று விசாரித்தார்.

எனக்கு உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை. குழந்தை தெளிவாகப் பேசினால் நல்லதுதானே என்று சொல்லிப் பார்த்தேன். தலைமை சிஸ்டர் அப்போதுதான் உள்ளே வந்தார். அவருக்கு என் தொழில் தெரியும். டீச்சரைக் கண்ணாலேயே நிறுத்திவிட்டு, ஆஸ்பத்திரியில் நோயாளியின் சொந்தக்காரரிடம் பேசுகிற குரலில் எனக்கு ஆறுதல் சொன்னார். "நல்லா பேசறது வேற மேடம், அது ஆண்டவர் குடுத்தது. இவ வக்கீல் மாதிரி பேசறா. அதான் எங்களுக்குக் கவலையா இருக்கு."

அவொக்கா

எங்கள் தெருக்கோடியில், பிரெஞ்சு மரியாதையில் முசியே என்று எல்லாரும் கூப்பிட்ட ஒரு பெரியவர் இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரில் சொல்தா என்பார்கள். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. வக்கீலுக்குப் பிரெஞ்சில் என்ன சொல்லோ அதுதான் எனக்கும் பெயர், அவொக்கா. பிரெஞ்சுக்காரர்களின் பழங்காலத்து நாடகங்களில் வக்கீல் மேடைக்கு வந்தாலே ஏமாற்றத்தான் வருவான் என்றும், ஜனங்கள் அவன் வாயைத் திறக்கும் முன்பே சிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள் என்றும் என்னைப் பார்க்கிறபோதெல்லாம் சொல்லிச் சந்தோஷப்படுவார்.

ஒரு நாள் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்கள் பழைய இலக்கியத்தில் வக்கீலை அப்படி ஒருவரும் கேலி பண்ணியதில்லை என்று சவால் விட்டேன். சவால் விட்ட பிறகுதான் படித்துப் பார்க்கவேண்டும் என்று தோன்றியது. எங்கள் தொழிலில் இது சகஜம். கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை விட்டதும் நூலகத்தில் போய் உட்கார்ந்து, சோழர் காலத்துக் காவியம், புராணம், உலா, பரணி என்று கிடைத்ததையெல்லாம் புரட்டினேன். ராஜா இருக்கிறார். மந்திரி இருக்கிறார். தூதர், ஜோசியர், தட்டார், தாசி, ஏன், திருடன்கூட இருக்கிறான். வழக்கும் இருக்கிறது. அநியாயம் பட்டவர் அரண்மனை வாசலுக்கு வருகிறார், தன் வாயாலேயே நடந்ததைச் சொல்கிறார், ராஜா கேட்கிறார், தீர்ப்புச் சொல்கிறார். நடுவில் எங்கள் ஆள் ஒருவர்கூட இல்லை. வக்கீல் என்ற சொல்லே பின்னால் நவாபு காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டதாம். கூடவே வக்காலத்தும் வந்திருக்கிறது. அந்தச் சொல்லையாவது மரியாதையாக வைத்துக்கொண்டோமா? கேட்காத இடத்தில் அடுத்தவனுக்குப் பரிந்துகொண்டு வருகிறவனைப் பார்த்து, நீ என்ன அவனுக்கு வக்காலத்தா என்று கேட்க வைத்துக்கொண்டிருக்கிறோம்.

தேடியதில் கிடைத்ததை, அதாவது கிடைக்காததை, முசியேவிடம் நேர்மையாக ஒப்புக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் பரிதாபப்பட்ட மாதிரிகூட இருந்தது. "அங்க திட்றதுக்காச்சும் ஒரு அவொக்கா இருந்தான். உங்காளுங்க அவன் இல்லாமலே நல்லா இருந்துருக்காங்க, போம்மா."

மனுவில் இல்லாதது

செல்வராணி குருசுக்குப்பத்துப் பெண். நேரு வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் நிற்கிறவள். புருஷன் டெம்போ ஓட்டுகிறான், வீடு எங்கள் முத்தியால்பேட்டையிலேயே. குடித்துவிட்டு அடிப்பான். ஒரு நாள் காலையில் அடுப்பில் கொதித்த உலைப் பானையை இவள் பக்கம் தள்ளிவிட்டான். கால் வெந்துபோய், கட்டின புடவையோடு குருசுக்குப்பத்தில் அம்மா வீட்டுக்கு ஓடி வந்துவிட்டாள். அப்போது அவள் பெண் பவித்ரா பள்ளிக்கூடத்தில் இருந்தது. இரண்டாம் வகுப்பு. சாயங்காலம் இவள் நொண்டிக்கொண்டு பள்ளி வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் மாமியார் வந்து அழைத்துப் போயிருந்தாள். அதோடு சரி. அதன் பிறகு பிள்ளையைக் கண்ணில் காட்டவில்லை. இவள் கடையில் சாப்பாட்டு நேரத்தில் ஓடிப்போய்ப் பள்ளிக்கு எதிர்ப்பக்கம் நிற்பாள். இந்தப் பக்கம் பார்க்கக்கூடாது என்று பிள்ளைக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். பிள்ளையும் பார்க்காது.

ஜீவனாம்சம் கேட்கலாம், நகையைக் கேட்கலாம், அடித்ததற்குப் போலீசுக்குப் போகலாம் என்று நான் வரிசையாகச் சொன்னேன். ஒன்றும் வேண்டாம், பிள்ளையை மட்டும் வாங்கிக் கொடுங்கள் என்றாள். மனுவை இங்கிலீஷில் எழுதி முடித்து, அவளை உட்கார வைத்து வரிக்கு வரி தமிழில் சொன்னேன். கால் வெந்தது, பானை, பள்ளி வாசல் எல்லாம் வந்திருக்கிறதா என்று கேட்டேன். தலையாட்டினாள். கையெழுத்துப் போடுமுன் கொஞ்சம் தயங்கினாள். "எல்லாம் சரியாத்தான் இருக்கு மேடம். ஆனா இதுல நான் அழுவவே இல்லியே."

எதிர்த்தரப்பு

புருஷனுக்கு வந்த வக்கீல் கலியபெருமாள் சார். எங்கள் ஊரில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. வெள்ளை முடி, வெண்கலக் குரல். கோயில் விழாவோ இலக்கியக் கூட்டமோ, சுவரொட்டியில் "வாதப்புயல்" என்று போட்டு அவர் படம் இருக்கும். கோர்ட்டில் என்னைப் போன்றவர்களிடம் அன்பாகவே இருப்பார், கேன்டீனில் காப்பி வாங்கித் தருவார். எழுந்து பேச ஆரம்பித்தால்தான் வேறு ஆள்.

அன்றைக்கு அவர் பேசியதன் சாரம் இவ்வளவுதான். பெற்ற குழந்தை பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது, அது திரும்பி வந்தால் யார் சோறு போடுவார்கள் என்றுகூட யோசிக்காமல் வீட்டை விட்டுப் போனவள் இவள். இப்படிப்பட்டவளை நம்பி எப்படிக் குழந்தையை ஒப்படைப்பது? பின்னால் நின்ற செல்வராணி என் கவுனைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள். கேட்டால் ஒழியப் பேசாதே என்று நான் முன்பே சொல்லி வைத்திருந்தேன். நாங்கள் முதலில் சொல்லிக்கொடுப்பதே அதுதான். பானையைப் பற்றியும் காலைப் பற்றியும் நான் எழுந்து சொன்னேன். அடுத்த தேதி போட்டார்கள். தாழ்வாரத்துக்கு வந்ததும் அவள் கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டாள். "இவ்ளோ பேசறாரே மேடம், அவரு என்ன எப்பவாச்சும் பாத்துருக்காரா?"

நோட்டீஸ் அடிச்சாச்சு

அந்த வருஷம் எங்கள் தெருக் கோயில் திருவிழாவில் வழக்காடு மன்றம் வைத்தார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பழைய காவியத்தில் வருகிற யாராவது ஒருவரைக் குற்றவாளி என்று வைத்துக்கொள்வார்கள். மேடையில் ஒருவர் குற்றம் சாட்டுவார், ஒருவர் மறுத்துப் பேசுவார், நடுவில் ஒருவர் நீதிபதியாக உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வார். வக்கீலே இல்லாத இலக்கியத்துக்கு இரண்டு வக்கீல் வைத்துப் பார்க்கிற கெட்டிக்காரத்தனம் நம்மவர்களுக்குத்தான் வரும். வழக்கமாகத் தமிழாசிரியர்களும் பேராசிரியர்களும் வக்கீலாகப் பேசுவார்கள். இந்த வருஷம் நிஜ வக்கீல்களையே போட்டால் என்ன என்று ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் விழாக்குழுச் செயலாளருக்கு யோசனை வந்துவிட்டது.

வழக்கு, பிள்ளையை விட்டு வீட்டைவிட்டுப் போன ஒரு தாயைப் பற்றியது. எந்தக் காவியம் என்று சொல்லமாட்டேன், சொன்னால் அதற்கு உரை எழுதியவர்களின் வாரிசுகள் சண்டைக்கு வருவார்கள். அந்தத் தாய் யாரிடமும் வழக்காடாமல், அழுதுகொண்டே காட்டோரத்தில் காத்திருப்பாள். பிள்ளை வளர்ந்து பெரியவனாகித் தானே தேடி வந்து காலில் விழும். தாய் குற்றமற்றவள் என்று பேச கலியபெருமாள் சார். குற்றவாளியே என்று பேச நான். செயலாளரிடம் கெஞ்சினேன். இதே மாதிரி ஒரு கேஸ் கையில் இருக்கிறது, அதில் நான் தாய் பக்கம், அவர் அப்பன் பக்கம், மாற்றிக் கொடுங்கள் என்றேன். பெரியவருக்குக் கைத்தட்டல் வாங்குகிற பக்கத்தைத்தான் கொடுக்கவேண்டும் என்று குழுவில் முடிவாகிவிட்டதாம். பேசவே மாட்டேன் என்று ஒதுங்கலாம் என்றால், தெருக் கோயில், வரி கொடுக்கிற குடும்பம், பெயர் வேறு அச்சில் வந்துவிட்டது. நான் ஏன் இவ்வளவு வருத்தப்படுகிறேன் என்பதே அவருக்குப் புரியவில்லை. "எந்தப் பக்கம் குடுத்தாலும் பேசுவீங்கன்னுதான மேடம் வக்கீலக் கூப்புட்டோம்?"

தொண்டை

விழா அன்று சாயங்காலம் தெரு கொள்ளாத கூட்டம். லோக்கல் கேபிளில் காட்டுவதற்குக் கேமராவும் வந்திருந்தது. முதலில் நான் பேசினேன். ஒப்புக்கொண்ட பிறகு அரைகுறையாகப் பேச எனக்கு வராது. அந்தப் பிள்ளை அன்றிரவு யார் மடியில் தூங்கியது என்று கேட்டேன். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. அப்புறம் கலியபெருமாள் சார் எழுந்தார். ஒரு தாய் வீட்டைவிட்டுப் போகிறாள் என்றால் அந்த வீட்டில் அவளுக்கு என்ன நடந்தது என்று எவனாவது கேட்டீர்களா என்றார். அவள் காலில் கல் குத்தியதைச் சொன்னார். பிள்ளையின் சட்டையை முகர்ந்து பார்த்துக்கொண்டு படுத்ததைச் சொன்னார். காவியத்தில் அப்படி ஒரு சட்டை கிடையாது, நான் படித்திருக்கிறேன். சொல்லும்போதே குரல் உடைந்து, கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடிப்பு என்று சொல்லமாட்டேன். நிஜமாகவே கண்ணீர் வந்தது. பெண்கள் பக்கத்தில் அழாதவர்களே இல்லை. முன் வரிசையில் புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு செல்வராணி உட்கார்ந்திருந்தாள்.

தாய் குற்றமற்றவள் என்று நடுவர் தீர்ப்பளித்தார். பட்டாசு வெடித்தார்கள். இருவருக்கும் சால்வை போட்டார்கள். மேடைக்குப் பின்னால் பாலைக் குடித்துக்கொண்டே கலியபெருமாள் சார் என்னை அருகில் கூப்பிட்டார். என் பேச்சைப் பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன். "நாளைக்கு அந்த டெம்போக்காரன் கேஸ் இருக்குல்லம்மா? அழுது அழுது தொண்ட கட்டிக்கிச்சு. ஒரு வாய்தா கேக்கறேன், நீ ஆட்சேபணை பண்ணாத."

எது நெஜம்

அடுத்த வாரம் செல்வராணி வந்தாள். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. கலியபெருமாள் சாரிடம் நேரில் போய்ப் பேசலாமா என்று கேட்டாள். அவர் எதிர்க்கட்சி வக்கீல், உன் புருஷனுக்காக ஆஜராகிறவர் என்றேன். தெரியும் என்றாள். கோர்ட்டில் உன்னை என்னென்ன பேசினார் என்று ஞாபகம் இல்லையா என்றேன். அதுவும் இருக்கிறதாம். ஆனாலும் தன் மனசில் இருப்பதை அவர்தான் சொன்னாராம். கால் வெந்து நடந்து வந்ததைக்கூட, தான் சொல்லாமலேயே அவருக்குத் தெரிந்திருந்ததாம். கோர்ட்டில் அதை அவர் காதுபடச் சொன்னவள் நான்.

அது பழைய கதை, இது கேஸ், இரண்டும் வேறு என்று நான் விளக்கினேன். மேடையில் நான் பேசியதும் என் அபிப்பிராயம் இல்லை, எனக்குக் கொடுத்த பக்கம் அது என்றேன். கோர்ட்டில் வக்கீல் என்றால் தன் கட்சிக்காரருக்காகப் பேசுவது, கூலி வாங்கிக்கொண்டு பேசுவது, அதில் சொந்த மனசைத் தேடக்கூடாது என்று தொழிலின் முதல் பாடத்தையே எடுத்தேன். எல்லாவற்றையும் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டாள். கேட்டுக்கொண்டு, என்னையே திருப்பிக் கேட்டாள். "கோர்ட்டுல காசு வாங்கினு பேசறீங்க, சரி. கோயில்ல ரெண்டு பேருமே காசு வாங்காமத்தான பேசுனீங்க. அப்ப எது மேடம் நெஜம்?"

நாங்களே பேசிக்கிட்டோம்

அவள் போய்விட்டாள். எனக்குச் சொல்லாமல் கலியபெருமாள் சார் ஆபீசுக்குப் போய் அழுதிருக்கிறாள். அவரும் உட்கார வைத்து, காப்பி கொடுத்து, மகளே என்று கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். கேஸ் நடந்தால் பிள்ளையைக் கோர்ட்டுக்கு இழுத்து, அம்மா வேண்டுமா அப்பா வேண்டுமா என்று கேட்பார்கள், அந்தப் பாவம் உனக்கு எதற்கு என்று கேட்டிருக்கிறார். அந்தக் காவியத்துத் தாய் யாரிடமாவது வழக்காடினாளா, பொறுத்தாள், பிள்ளை தானே தேடி வந்தது, உன் பிள்ளையும் வரும் என்று சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் அவள் பிற்பாடு என்னிடம் சொன்னாள். எனக்குத் தெரிந்தது கேஸ் கூப்பிட்ட அன்றுதான். பெண் அப்பாவிடமே இருக்கும், மாதத்தில் ஒரு ஞாயிறு சாயங்காலம் மாமியாரை வைத்துக்கொண்டு கடற்கரையில் பார்க்கலாம் என்று இரு தரப்பும் சமரசமானதாக ராஜிப் பத்திரம் தயாராக இருந்தது. அவள் கையெழுத்தும் இருந்தது.

நான் எழுந்து ஆட்சேபித்தேன். என் கட்சிக்காரருக்கு இது புரியவில்லை, தனியாகப் பேச அவகாசம் வேண்டும் என்று கேட்டேன். நீதிபதியம்மா நல்லவர். செல்வராணியைப் பக்கத்தில் வரச்சொல்லி, யாராவது மிரட்டினார்களா, உன் வக்கீல் வேண்டாம் என்கிறாரே என்று திரும்பத் திரும்பக் கேட்டார். குடும்ப கோர்ட்டில் கட்சிக்காரர் பேச்சுதான் முக்கியம், எங்களுக்கு ஓரமாக நிற்கிற உரிமைதான். பழைய இலக்கியத்தில் வருகிற மாதிரியே, நடுவில் ஒருவரும் இல்லாமல், அநியாயம் பட்டவள் தன் வாயாலேயே பேசினாள். நாங்களே பேசிக்கொண்டோம் அம்மா, எனக்குச் சம்மதம் என்றாள். பதிவு செய்துவிட்டார்கள்.

தாழ்வாரத்தில் கலியபெருமாள் சாரை மறித்தேன். அப்படிக் கோபம் எனக்கு வந்ததே இல்லை. என் கட்சிக்காரியோடு நீங்கள் எப்படித் தனியாகப் பேசலாம் என்று கேட்டேன். மேடையில் அழுதீர்களே, அது யாருக்காக என்றும் கேட்டேன். என் தோளில் தட்டப் போனார், நான் விலகிக்கொண்டேன். அவர் முகத்தில் உண்மையாகவே வருத்தம் இருந்தது, அதுதான் என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியாதது. "நான் கூப்புடலம்மா, அதுவா தேடி வந்து அழுதுச்சு. எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு. அதுக்காக என் கட்சிக்காரனுக்குத் துரோகம் பண்ண முடியுமா?"

கடற்கரையில்

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் பெண்ணைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போயிருந்தேன். செல்வராணி கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பவித்ரா. அதற்கப்பால் மாமியார், கையில் செல்போனை வைத்து மணி பார்த்துக்கொண்டு. செல்வராணி கடலையை உரித்து உரித்துப் பிள்ளையின் கையில் வைத்தாள். பிள்ளை வாங்கிச் சாப்பிட்டது. ஆனால் பாட்டி பக்கமாகத்தான் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் பாட்டியிடம், ஆயா, வீட்டுக்குப் போலாம் என்றது. மாமியார் உடனே எழுந்துகொண்டாள். செல்வராணி பிள்ளையின் சட்டைக் காலரைச் சரிசெய்து அனுப்பினாள். அவர்கள் கூட்டத்தில் மறையும் வரை பார்த்துக்கொண்டே நின்றாள். பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை.

குழந்தை விஷயத்தில் எதுவும் முடிந்த முடிவு இல்லை, மறுபடியும் மனுப் போடலாம், நீ ஒன்றும் தரவேண்டாம், நானே போடுகிறேன் என்றேன். வேண்டாம் என்று மரியாதையாகத் தலையாட்டினாள். கலியபெருமாள் சாரிடம் போய், என் பிள்ளை எப்போது தேடி வரும் என்று கேட்டாளாம். அவர் காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, உங்கள் வக்கீலைப் பாருங்கள் என்று ஜூனியரை விட்டுச் சொன்னாராம். இனிமேலாவது அந்த ஆளைப் புரிந்துகொண்டாயா என்று நான் கேட்டேன். புரிந்துவிட்டது என்றாள். உரித்து மிச்சமிருந்த கடலையை என் பெண்ணின் கையில் கொட்டினாள். "ஆபீசுல, கோர்ட்டுலல்லாம் அவரு வேற ஆளு மேடம். வர்ற வருஷம் கோயில்ல பேச வருவாருல்ல, முன்னாடி போயி உக்காந்து கேக்கறேன். அங்கதான அவரு நல்லவரு."

மறுவருஷத் திருவிழா நோட்டீஸும் வந்தது, அவருக்கு அதே தாய், எனக்கு அதே குற்றச்சாட்டு, தொண்டை சரியில்லை என்று நானும் ஒரு வாய்தா கேட்டுப் பார்த்தேன், கோயிலில் அந்த வழக்கமெல்லாம் கிடையாதாம்.